புதுசா பழசா: ஹபீப் சாஹிபின் பிஸ்டல்

1. சுடலை

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வேலூர் லாங் பஜாரில் கணுக்கால் அளவு சேறு. காலை பத்து மணிக்கு ஹபீப் சாஹிப் செருப்போடு கடைக்குள் வந்து, ஒரு தோல் உறையை என் மேஜைமேல் வைத்தார். உறைக்குள் பிஸ்டல் இருந்தது.

“மிஸ்திரி, சுடலை” என்றார்.

வேட்டைத் துப்பாக்கி பார்க்க வந்த இரண்டு பேர் கடையில் நின்றிருந்தார்கள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி ரங்கையா நாயுடு படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

“ஏழு தோட்டா போட்டு வெச்சிருந்தேன். விசையை இழுத்தேன். டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். புதுசுதான் கண்ணை மூடிக்கினு நம்பலாம்னு சொன்னது யாரு? நீங்கதானே?”

நான்தான். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“தோட்டா இப்ப எங்க இருக்குது சாஹிப்?”

“உள்ளேதான்.”

லோடு செய்த பிஸ்டலை, அடித்தும் வெடிக்காத தோட்டாவோடு, ஆம்பூரிலிருந்து மோட்டாரில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதன் வாய் என் வயிற்றைப் பார்த்தபடி மேஜைமேல் கிடக்கிறது. முதலில் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். பிறகுதான் மூச்சு விட்டேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆயுதம் விலை போனாலும் அதை நான் பிரித்துப் பார்த்து, சுட்டுப் பார்த்து, ரிஜிஸ்டரில் அதன் நம்பருக்கு எதிரே “பரிசோதித்தேன், சரியாக இருக்கிறது” என்று எழுதி மாசிலாமணி என்று கையெழுத்துப் போடவேண்டும். பதினோரு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட எதுவும் திரும்பி வந்ததில்லை. துப்பாக்கி மிஸ்திரிக்கு அந்தக் கையெழுத்துதான் சோறு. கெட்டுப்போன பிஸ்டலுக்கு நல்ல பேர் எழுதிக்கொடுத்தான் என்று ஒரு தரம் பஜாரில் பேச்சுக் கிளம்பினால், அப்புறம் பூட்டு ரிப்பேருக்குத்தான் போகவேண்டும்.

நாயுடு எழுந்து போய் அந்த ரிஜிஸ்டரை எடுத்துவந்து, பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

2. ஏழு வாரம் பட்ட பாடு

அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன்னால் நான் பட்ட பாட்டை இங்கே சொல்லியாகவேண்டும். துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேரும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாடிக்கைக்காரர் என்றால் ஐந்து நிமிஷத்தில் பில் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள்.

ஹபீப் சாஹிபுக்கு ஆம்பூரில் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை அந்தப் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பச்சைத் தோல் வாங்க நெமிலி பக்கத்துச் சந்தைகள் வரைக்கும் தானே மோட்டார் ஓட்டிக்கொண்டு தனியாகப் போவார். கையில் ரொக்கம் இருக்கும். அவருக்குத் தெரிந்த இன்னொரு தோல் வியாபாரியை வழியில் மறித்துக் கையை உடைத்துவிட்டார்கள். அதிலிருந்து சாஹிபுக்குத் தூக்கமில்லை. கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து ஒரு பிஸ்டலுக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். இத்தனாம் தேதிக்குள் வாங்கவேண்டும் என்று லைசென்ஸில் கெடு இருந்தது. ஏழு வாரம்.

கடையில் அப்போது இரண்டு பிஸ்டல் இருந்தன. இரண்டும் அந்நாளில் ஆட்டோமேட்டிக் என்று சொன்ன ஜாதி. அதாவது ஒரு குண்டு கிளம்பியதும் அந்த வேகத்திலேயே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒரு தரம் இழுத்தால் போதும்.

ஒன்று புதுசு. சீமையிலிருந்து மெட்ராஸ் வந்து, பெட்டி பிரிக்காமல் எங்களிடம் வந்தது. உள்ளங்கை அளவு, தட்டையாக, கறுப்பாக இருக்கும். மற்றது பழசு. ஜவ்வாது மலையில் வேட்டையாடிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுத் துரை ஊருக்குக் கப்பல் ஏறும்போது விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போனது. முப்பது வயசு இருக்கும். நீளக் குழாய், மரக் கைப்பிடி, விசைக்கு முன்னால் பெட்டி வைத்த மாதிரி, தோட்டா அடுக்கும் மேகஸின். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோய், காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை எவனோ உள்ளூர் ஆள் அரத்தால் ராவி மாட்டியிருந்தான். அந்த அளவுத் தோட்டாவும் லேசில் கிடைக்காது. துரை விட்டுப்போன பழைய டப்பா ஒன்றுதான் இருந்தது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதுசை எடுக்கவேண்டியதுதான். நான் அதை முதல் நாளே சொன்னேன்.

சாஹிப் இரண்டையும் கையில் வாங்கி, கட்டைவிரலால் தடவி, மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். தோலைப் பார்க்கிற பழக்கம். நானும் தோல்காரன் வீட்டுப் பிள்ளைதான். என் அப்பா ஆம்பூரில், மரப்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறப்போடும் பட்டைக் குழியில் வேலை பார்த்தவர். ஆனாலும் பிஸ்டலை மோந்து பார்த்தவரை அன்றுதான் பார்த்தேன்.

“புதுசு இன்னும் ஊறலை மிஸ்திரி. பழசு பாருங்க, நல்லா பதத்துக்கு வந்துருக்குது.”

“சாஹிப், இது தோல் இல்லை. இரும்பு. இரும்பு ஊறினா துருதான் புடிக்கும்.”

“யோசிச்சுட்டு வர்றேன்” என்று போனார்.

அடுத்த வாரம் மச்சான் கபூரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கபூர் பழசைக் கண்டதும் மயங்கிவிட்டார். “இத்தப் பார்த்தாலே திருடன் ஓடிப்போய்டுவான் மச்சான். அந்தச் சின்னது இன்னா, பொடி டப்பா மாதிரி” என்றார். சாஹிப் தலையை ஆட்டினார். பிறகு துண்டை எடுத்துக் கையில் போர்த்திக்கொண்டு, நாயுடுவின் முன் நீட்டினார். சந்தையில் தோலுக்கு விலை பேசுகிற மாதிரி, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் செய்ய. நாயுடுவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“இது துப்பாக்கிக் கடை சாஹிப். ஒரே விலை.”

“அப்படீன்னா யோசிச்சுட்டு வர்றேன்.”

மூன்றாவது வாரம் வீட்டில் புதுசு என்று சொல்கிறார்களாம். நான்காவது வாரம் ஷாப்பு கணக்கப்பிள்ளை பழசு என்கிறாராம். ஒவ்வொரு தரமும் நான் இரண்டையும் எடுத்துவைத்து, பிரித்துக் காட்டி, துடைத்து, எண்ணெய் போட்டு, மாட்டி, உள்ளே வைக்கவேண்டும். “ஒரு தரம் மட்டும் காட்டிடுங்க, பேஜார் புடிச்சுக்காதீங்க” என்பார் சாஹிப். எனக்கு அதைக் கேட்டாலே பேஜார் வந்துவிடும். ராத்திரி கண்ணை மூடினால் ஸ்லைடும் ஸ்பிரிங்கும்தான் தெரிந்தன.

ஐந்தாவது வாரம் பொறுக்கமுடியாமல் நானே சொன்னேன், “வாங்க, ரெண்டையும் சுட்டே பார்த்துடலாம்.”

3. பாலாற்று மணலில்

போலீசில் சொல்லிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, பாலாற்று மணலில் விழுந்து கிடந்த ஒரு பனங்கட்டையைக் கரை ஓரமாக நிறுத்தினோம். புதுசில் மூன்று தரம் மேகஸின் நிரப்பி இருபத்தொரு குண்டு சுட்டேன். ஒன்றும் மாட்டவில்லை. கட்டையில் தட்டு அளவு இடத்துக்குள் அத்தனையும் போய் இறங்கியிருந்தன.

பழசு முதல் மூன்று குண்டு கம்பீரமாகச் சுட்டது. அந்தச் சத்தத்தில், கூட வந்திருந்த கபூர் உட்கார்ந்தே விட்டார். நான்காவதில் காலித் தோட்டா வெளியே வராமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். ஆறாவதில் மறுபடியும் மாட்டிக்கொண்டது.

“பார்த்தீங்களா சாஹிப்? இப்ப எதிர்ல ஒருத்தன் கத்தியோட நின்னா நான் இன்னா பண்றது?”

சாஹிப் மணலில் குந்திக்கொண்டு யோசித்தார்.

“நாலாவதுலதானே மாட்டுச்சு? மூணு சத்தம் கேட்டா எவன் நிப்பான்?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பிஸ்டலையும் பாலாற்றில் வீசியிருப்பேன். தண்ணீர் இல்லாத ஆறு, வீசினாலும் திரும்பப் பொறுக்கிவந்து காட்டச் சொல்லுவார்.

கெடுவின் கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சிரைக்க வந்தார். அன்றைக்கும், “பழசையே இன்னொரு தரம்...” என்று ஆரம்பித்தார். நான் பழசை எடுக்கவே இல்லை. புதுசை அவர் முன்னால் வைத்துவிட்டு, மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

“சாஹிப், ஆபத்து வந்தா யோசிச்சுட்டு வர்றேன்னு திருடன்கிட்ட சொல்லமுடியாது. நீங்க யோசிக்கிறதுக்குள்ள அவன் வேலையை முடிச்சுட்டுப் போய்டுவான். இத்த எடுங்க. கண்ணை மூடிக்கினு நம்பலாம். இழுத்தா சுடும். கையில எடுத்தா யோசிக்கவே கூடாது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “யோசிக்கக் கூடாதா?”

“கூடாது.”

சரி என்று எடுத்துக்கொண்டார். நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். மாசத்துக்கு இரண்டு தரம் துடைத்து எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லி ஒரு சின்னக் குப்பி எண்ணெயும் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போகும்போது, பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பனைப்போலக் கை வீசிக்கொண்டு நடந்தேன்.

4. உறை

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். வாசலில் அவர் தலையைப் பார்த்ததும், மாற்றித் தரச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்கில்லை. பிஸ்டலுக்கு ஒரு உறை தைத்திருந்தார். கடை உறை ஆகாதாம். தன் ஷாப்பில் ஊறிய தோலிலிருந்து பொறுக்கி எடுத்து, தானே பக்கத்தில் நின்று தைக்க வைத்ததாம். கையில் வாங்கினேன். நல்ல ஆவாரம்பட்டைத் தோல், வெண்ணெய் மாதிரி இருந்தது. மோந்து பார்த்தேன். என் அப்பாவின் வேட்டி வாசனை. சின்ன வயசில் சாயங்காலம் அவர் வந்து என்னைத் தூக்கினால் அந்த வாசனைதான் வரும்.

“பேஷ் சாஹிப். சீமையில்கூட இப்படித் தைக்கமாட்டான்.”

“ஆனா பாருங்க மிஸ்திரி, உங்க பிஸ்டல் என் தோலைக் கெடுக்குது.”

உறையை விரித்துக் காட்டினார். உள்பக்கம் பிஸ்டல் பட்ட இடமெல்லாம் மை ஊற்றின மாதிரிக் கறுத்திருந்தது.

தோல் ஷாப்பில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்காது. பட்டைத் தண்ணீர் இருக்கும் பக்கம் இரும்பு வாளியை எடுத்துப்போனால் ஷாப்பு மேஸ்திரி காதைத் திருகிவிடுவான். இரும்பு பட்டால் பட்டைத் தோல் கறுத்துப்போகும், விலை போகாது. கறுத்துப்போனால் என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியும். அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

“இது ஒரு விஷயமா சாஹிப்? எலுமிச்சம்பழத்தைப் பாதியா அறுத்து நல்லா தேய்ங்க. கறுப்பு போய்டும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, ஆமாம். நீங்க நம்ம ஆளாச்சே” என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. பழகிய நாளிலிருந்து முதல் தடவையாக நான் சொன்னதை மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? இரும்பிலிருந்து. இரும்பு தோலைக் கெடுக்கிறது என்றால், தோல் இரும்பைத் தின்கிறது என்றுதானே அர்த்தம்? பரம்பரை பரம்பரையாகத் தோலைக் காப்பாற்றியே பழகிய கூட்டம் நாங்கள். இரும்புக்கு என்ன ஆகும் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. சாஹிப் கேட்காமல் இருந்ததில் தப்பில்லை. இரும்பையே தொழிலாக வைத்திருந்த நான் கேட்கவில்லை.

5. மண்ணெண்ணெய்க் கிண்ணம்

மறுபடி அந்த ஐப்பசிக் காலைக்கு வருகிறேன்.

உறையிலிருந்து பிஸ்டலை உருவினேன். வழுக்கிக்கொண்டு வரவேண்டியது, ஒட்டிக்கொண்டு வந்தது. கறுப்புப் பளபளப்பு போய், மேலெல்லாம் செம்பழுப்பாகச் சொறி பிடித்திருந்தது. மேகஸின் அசையவில்லை. முன்னும் பின்னும் ஓடவேண்டிய ஸ்லைடும் அசையவில்லை. வேட்டைத் துப்பாக்கி பார்க்க வந்தவர்கள் இருவரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். நாயுடு ரிஜிஸ்டரில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, என் கையெழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

மண்ணெண்ணெய் விட்டு விட்டு, மரச் சுத்தியால் தட்டித் தட்டி, மேகஸினை எடுத்தேன். அரை மணி கழித்து ஸ்லைடு கரகரத்துக்கொண்டு பின்னால் வந்தது. உள்ளே இருந்த தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் பின்பக்கத்துக் கேப்பில் ஊசி முனை பட்ட மாதிரி ஒரு புள்ளி மட்டும் இருந்தது. அதை அடித்து வெடிக்கவைக்கவேண்டிய ஃபைரிங் பின், துருவில் இறுகி முழுசாக முன்னால் போகவே இல்லை.

“எண்ணெய் போட்டீங்களா சாஹிப்?” என்று கேட்டார் நாயுடு.

“எண்ணெய் போட்டா தோல்ல கறை புடிக்காதா? உறையில வெக்கறதுக்கு முன்னாடியே நல்லா தொடைச்சுட்டேன். ஒரு சொட்டுகூட உறையில படவிடலை.”

நாயுடு என்னைப் பார்த்தார். தப்பித்தோம் என்று அவர் கண்ணில் எழுதியிருந்தது. சொன்னபடி எண்ணெய் போடவில்லை, தப்பு வாடிக்கைக்காரருடையது, ரிஜிஸ்டரை மூடிவிடலாம். நானும் வாயைத் திறந்தேன். அப்போது கையிலிருந்த உறையிலிருந்து லேசாக எலுமிச்சை வாசனை வந்தது.

விரித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் கறுப்பே இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தேய்த்திருந்தார். புளிப்பு ஊறிய உறையில், எண்ணெய் இல்லாத இரும்பு, இத்தனை நாள் மழையில்.

“எத்தனை தரம் எலுமிச்சை தேய்ச்சீங்க?”

“கறுக்கக் கறுக்கத் தேய்ச்சேன். நீங்க சொன்னபடிதான்.”

விசையை இழுத்தார் என்றால் எங்கேயோ ஏதோ ஆபத்து வந்திருக்கவேண்டும். அதை இத்தனை நேரம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் கையெழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“யாரு மேல சுட்டீங்க சாஹிப்? உங்களுக்கு ஏதாவது ஆச்சா?”

அதுவரைக்கும் ஓங்கி இருந்த அவர் குரல் சட்டென்று இறங்கியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“முந்தாநாள் சந்தையிலேர்ந்து திரும்பிக்கினு இருந்தேன். சாயங்காலம், நல்ல மழை. விரிஞ்சிபுரம் தாண்டினா கானாத்துத் தரைப்பாலம் ஒண்ணு வரும் இல்ல? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒருத்தன் கோணிச்சாக்கைத் தலையில போட்டுக்கினு, கையில தடியோட, ரோட்டுக்கு நடுவுல ஓடியாந்தான். நிறுத்திட்டேன். என்னமோ கத்திக்கினே வந்து கதவைப் புடிச்சு இழுத்தான். மழையில ஒண்ணும் காதுல விழலை. நான் பிஸ்டலை எடுத்தேன்.”

துண்டை மடியில் வைத்து முறுக்கினார்.

“யோசிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல. யோசிக்கலை. நெஞ்சுக்கு நேரா வெச்சு இழுத்தேன்.”

“அப்புறம்?”

“சுடலை. அவன் சாக்கை எடுத்துட்டு, ‘சாஹிப், நான் முனுசாமி, பாலத்துமேல தண்ணி போவுது, போவாதீங்க’ன்னான்.”

முனுசாமி அவருடைய ஷாப்பில் பட்டைக் குழியில் வேலை பார்க்கிறவர். அந்தக் கானாற்றங்கரைதான் அவர் ஊர். மழைக்கு வேலை நின்றதால் வீட்டில் இருந்திருக்கிறார். சாஹிபின் மோட்டார்ச் சத்தம் அவருக்குத் தெரியும். பாலத்தில் வெள்ளம் என்று சொல்ல ஓடிவந்திருக்கிறார். தண்ணீரின் ஆழம் பார்த்த தடிதான் கையில் இருந்தது.

வேட்டைத் துப்பாக்கிக்காரர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாயுடு ரிஜிஸ்டரிலிருந்து விரலை எடுத்தார். நான் மண்ணெண்ணெய்த் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பனங்கட்டையில் தட்டு அளவு இடத்துக்குள் இறங்கிய அந்த இருபத்தொரு ஓட்டை என் கண்முன் வந்தது. நான் கையெழுத்துப் போட்ட மாதிரியே அந்தப் பிஸ்டல் இருந்திருந்தால், முனுசாமி அந்த ரோட்டிலேயே கிடந்திருப்பார். சாஹிப் நேராகப் பாலத்துக்கு வண்டியை விட்டிருப்பார். விடாமல் நின்றிருந்தால், எங்கள் வேலூர் ஜெயிலுக்கு வந்திருப்பார்.

“சாஹிப், தப்பு என்னுது” என்றேன். “எலுமிச்சைதான் இத்தக் கெடுத்துச்சு. தோல்ல இருந்த புளிப்பு பத்தாதுன்னு நான் வேற புளிப்பு ஏத்தச் சொன்னேன். தோல்காரன் புத்தியில சொல்லிட்டேன். உங்க மேல குத்தம் இல்லை.”

நாயுடு கண்ணை மூடிக்கொண்டார். கடைசி மாசச் சம்பளத்தை மனசுக்குள் எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

சாஹிப் உறையை எடுத்து மோந்து பார்த்தார். அதை மடிமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“முனுசாமிக்கு நாலு பிள்ளைங்க” என்றார்.

அவர் எழுந்து நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி இந்தச் சனியனே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

“அந்தப் பழசு இன்னும் இருக்குதா மிஸ்திரி?”

6. அவசரம் என்ன

இந்த மனுஷனை என்ன செய்வது? அப்படியே கையெடுத்துக் கும்பிட்டு, உங்களுக்குப் பிஸ்டலே வேண்டாம் என்று கத்தியிருப்பேன். கத்தினால் கபூரைக் கூட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போவார் என்று தெரியும். ரோட்டில் பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பயம் பொய்யும் இல்லை.

“இருக்குது சாஹிப்” என்றேன். “புதுசையும் நான் ரிப்பேர் பண்ணி வெக்கிறேன். ஃபைரிங் பின் மாத்தணும், நாளாகும். ரெண்டும் இங்கேயே இருக்கட்டும். எது வேணும்னு நிதானமா யோசிச்சு சொல்லுங்க.”

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஏழு வாரம் அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அவசரப்படுத்தியவன் நான்.

நாயுடு என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க எலுமிச்சம்பழம் விற்கிறவன் தெருவில் கூவினால், “மாசிலாமணி, உன்னைக் கூப்பிடறாங்க” என்பார். பிஸ்டலைச் சுத்தம் செய்து புது பின் போட எனக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, தோல் படாமல் மரப்பெட்டியில் வைத்தேன். ரிஜிஸ்டரில் மறுபடி கையெழுத்துப் போட்டேன். ஆனால் ரெடி என்று சாஹிபுக்கு ஒரு கார்டுகூடப் போடவில்லை.

வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது இதுதான். புதுசா பழசா என்று வாடிக்கைக்காரர் கேட்டால், புதுசு என்று சொல்லுங்கள், அது சரியான பதில்தான். எங்கே வைப்பீர்கள், எதில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். தோல் உறையில் வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள் என்று சொல்லுங்கள். ஆனால் கையில் எடுத்தால் யோசிக்கவே கூடாது என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அதை ஒருத்தர் கேட்டார்.

அதற்கப்புறம் ஹபீப் சாஹிப் வருஷத்துக்கு மூன்று நான்கு தரம் வருவார். பிஸ்டலை மாற்றிக்கொள்ளக் கலெக்டர் ஆபீசில் கொடுத்த கெடுவைத் தள்ளி வாங்கிக்கொள்வார். இப்போது தனியாக வருவதில்லை, சந்தைக்கும் தனியாகப் போவதில்லை. வந்து உட்கார்ந்து, இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்வார். தடவிப் பார்ப்பார். மோந்து பார்ப்பார்.

“புதுசா பழசா, ஒண்ணும் தெரியலை மிஸ்திரி. ரொம்பப் பேஜாரா இருக்குது. நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்.”

“இப்ப இன்னா அவசரம் சாஹிப்? யோசிச்சுட்டு வாங்க.”

கடை வாசலில் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு முனுசாமி நின்றிருப்பார்.